குறும்பயணமும் ஆற்றுப்படையும்: பினாங்கு நகரை முன்வைத்துச் சில மொழியியற் சிந்தனைகள்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்குகிறது. மாணவர்கள் புத்தகப் பையை இறக்கி வைக்கும் காலம். குடும்பங்கள் பயணப் பையை எடுக்கும் காலம். ஆதலின், குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஒரு பழம்பெரும் நகருக்கோ கடற்கரை ஊருக்கோ சென்று மீளும் குறும்பயண வழக்கத்தை இன்றைய பொழிவின் பொருளாகக் கொண்டேன். மொழியியல் பயின்ற ஒருவருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். ஓர் ஊருக்குச் செல்பவர் அவ்வூரின் மக்களையும் மனைகளையும் காணுமுன் அதன் பெயரைக் கேட்கிறார். தெருவின் பெயர், மலையின் பெயர், உணவின் பெயர் என்று பெயர்களின் வழியாகவே ஊருக்குள் நுழைகிறார். அப்பெயர்களை வழங்கும் மக்கள் அங்கே இருக்கும்வரை ஊர் அவரோடு பேசும். அவர்கள் இல்லாத நாளில் என்ன நேரும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

குளிர் தப்பும் பயணம்

குளிர்மிகு நாடுகளில் வாழ்வோர் பனிக்காலத்தில் வெயில் நாடிச் செல்வது நெடுநாள் வழக்கம். பிரான்சு நாட்டின் தென்கடற்கரையில் உள்ள நீஸ் நகரத்துக் கடலோரச் சாலைக்கு 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்றே பெயர். குளிர்காலம் முழுவதையும் அங்கே கழித்த ஆங்கிலச் செல்வர்களின் நினைவு அப்பெயரில் நிலைத்துவிட்டது. அன்று அது திங்கட்கணக்கில் நீண்ட தங்கல். இன்று விமானம் அதனை நாட்கணக்கில் சுருக்கிவிட்டது.

நம் பினாங்குத் தீவும் இவ்வழக்கத்தில் பழைய பங்குடையது. ஆர்மீனியரான சார்க்கிஸ் உடன்பிறப்பினர் 1885இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் விடுதி இன்றும் வடகடலை நோக்கி நிற்கிறது. அதே குடும்பத்தார் பின்னர் 1887இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியையும், 1901இல் இரங்கூனில் ஸ்டிராண்ட் விடுதியையும் நிறுவினர். கப்பலில் வந்திறங்கிய செல்வர் அவ்விடுதிகளில் தங்கி, அடுத்த கப்பல் வரும்வரை ஊர் பார்த்தனர்.

அண்மைக்காலத்தில் தமிழ்நாட்டாரும் இக்குறும்பயணிகளின் வரிசையில் சேர்ந்துள்ளனர். 2023 டிசம்பர் முதல் நாள் தொட்டு இந்தியக் குடிமக்கள் விசா இன்றி 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம் என்ற நிலை வந்தது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானச் சேவை தொடங்கியது. மார்கழிக் குளிரில் சென்னையில் ஏறியவர் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இங்கே வந்து இறங்கிவிடுகிறார். வெள்ளி இரவு வந்து திங்கள் காலை திரும்பும் பயணமும் இயல்வதாயிற்று.

'செலவு' என்னும் சொல்

இப்புது வழக்கத்தைக் குறிக்கத் தமிழில் என்ன சொல் உண்டு என்று பார்ப்போம். சங்க இலக்கியத்தில் பயணத்திற்குப் பெயர் 'செலவு'. செல் என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர் அது. பொருள் தேடிப் பிரியக் கருதிய தலைவன் தலைவியின் நிலை கண்டு புறப்படாது தயங்குவதற்குச் 'செலவழுங்குதல்' என்று பெயர். அதே சொல் பின்னாளில் கையை விட்டுச் செல்லும் பணத்தைக் குறிக்கலாயிற்று. இன்று அப்பொருளே நிலைத்தது. 'விடுமுறைச் செலவு' என்று ஒருவர் கூறினால் பழைய பொருளும் புதிய பொருளும் ஒருங்கே பொருந்துவதைப் பெற்றோர் நன்கறிவர்.

'சுற்றுலா' பிற்காலத்து ஆக்கம். சுற்று, உலா என்னும் இரு சொற்களின் சேர்க்கை. ஆனால் உலா என்பது தமிழில் ஒரு சிற்றிலக்கிய வகைக்கும் பெயர். ஒட்டக்கூத்தரின் மூவருலா போன்ற நூல்களில் அரசன் வீதியில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்டிர் அவனைக் கண்டு மயங்குவர். அங்கே செல்பவன் காணப்படும் பொருள், நிற்பவர் காண்போர். இன்றைய சுற்றுலாவில் இவ்வுறவு தலைகீழாகிவிட்டது. செல்பவர் காண்கிறார், ஊரில் நிற்பவர் காட்சிப் பொருளாகிறார்.

இவ்விரண்டினும் வேறுபட்ட மூன்றாவது சொல் ஒன்று நம்மிடம் உண்டு. அது 'ஆற்றுப்படை'. ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும் தாம் பெற்ற வளத்தை, அதனைப் பெறாது எதிர்வரும் மற்றவர்க்கு எடுத்துரைத்து வழிகாட்டுவதே ஆற்றுப்படை என்று தொல்காப்பியம் இலக்கணம் கூறுகிறது. பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே.

அவற்றுள் சிறுபாணாற்றுப்படையை நோக்குங்கள். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு வழி கூறப்படுகிறது. முதலில் கடற்கரை ஊராகிய எயிற்பட்டினம். அங்கே பரதவர் குடியிருப்பில் பழந்தேறலும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர், அங்கே எயினர் மகளிர் ஆக்கிய புளிச்சோறு கிடைக்கும். பின்னர் ஆமூர், அங்கே உழவர் மனையில் வெண்சோறும் நண்டின் கலவையும் கிடைக்கும். ஊர் எது, அங்கே வாழ்வோர் யார், அவர்கள் உமக்கு என்ன அளிப்பர் என்னும் மூன்று செய்திகளும் ஒவ்வோர் இடத்திலும் ஒருசேர வருகின்றன. இன்றைய பயண விளம்பரங்களில் முதற்செய்தி இருக்கும். மூன்றாவதும் விலையோடு இருக்கும். இடையில் உள்ள 'வாழ்வோர் யார்' என்னும் செய்தியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

காற்றும் கப்பலும்

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் அமைந்த இத்தீவுக்குக் குளிர்காலம் என்று ஒன்றில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழ் இலக்கணம் வகுத்த அறுவகைப் பெரும்பொழுதும் இங்கே பொருந்தா. இங்கே பருவத்தை ஆள்வது காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று. வடகிழக்குக் காற்று தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ள கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் பெருமழையையும் வெள்ளத்தையும் கொணர்கிறது. நடுவே மலைத்தொடர் தடுத்து நிற்பதால் மேற்குக் கரையில் உள்ள பினாங்குக்கு அதன் கடுமை வருவதில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குறைகிறது. குளிர் தப்பி வருவோர்க்கு இத்தீவு உகந்த இடமானதற்கு இயற்கை தந்த காரணம் இதுவே.

இக்காற்றுகளுக்குத் தமிழர் திசைவாரியாகப் பெயர் வைத்தனர். வடக்கிருந்து வருவது வாடை; கிழக்கிருந்து வருவது கொண்டல்; தெற்கிருந்து வருவது தென்றல்; மேற்கிருந்து வருவது கோடை. பாய்மரக் கப்பலின் காலத்தில் தென்மேற்குக் காற்று வங்கக் கடலில் கப்பலைக் கிழக்கே தள்ளியது. வடகிழக்குக் காற்று மேற்கே திருப்பியது. காற்று திசை மாறும்வரை வணிகர் அக்கரையில் காத்திருந்தாக வேண்டும். அவ்வாறு காத்திருந்த திங்கள்களில்தான் அவர்கள் அண்டை மொழியைக் கற்றனர், கடை வைத்தனர், வழிபாட்டிடம் எழுப்பினர், சிலர் மணமும் செய்துகொண்டனர். மலாய் மொழியில் கடை 'கெடாய்' ஆனதும், கப்பல் 'காப்பால்' ஆனதும், முதல் 'மோடால்' ஆனதும், கோயில் 'குயில்' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும் இத்தகைய நீண்ட பழக்கத்தின் பயன். இரண்டு நாள் தங்கலில் ஒரு சொல்கூட மொழி மாறிக் குடியேறுவதில்லை.

தீவுக்கு எதிரே உள்ள கெடாவே நம் கல்வெட்டுகளில் பேசப்படும் கடாரம். கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் நிவந்தமாக அளிக்கப்பட்டதை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்விகாரம் நின்ற இடம் நாகப்பட்டினம். இராசேந்திர சோழன் ஏறத்தாழ 1025இல் அதே கடாரத்தின் மேல் படை செலுத்தினான். கெடாவின் மெர்போக் அருகே உள்ள பூசாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்களை இன்றும் காணலாம். பினாங்கிலிருந்து ஒரே நாளில் சென்று மீளத்தக்க தொலைவுதான். வரலாறு பயிலும் மாணவர்கள் கடற்கரை விடுதியில் செலவிடும் ஒரு நாளை அங்கே செலவிட்டால், பாடநூலில் படித்த கடாரம் அவர்களுக்குக் கண்முன் நிற்கும்.

நீராவிக் கப்பல் காலத்தில் இத்தொடர்பு வேறு உருப்பெற்றது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு வழியே சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அக்கடல்வழி முடிவுற்றது. அதே ஆண்டில் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்துப் பாருங்கள். நாகைக்குச் செல்லும் வழி அடைபட்ட ஆண்டில், கோலாலம்பூரிலிருந்து காரில் வந்து வார இறுதியைக் கழித்துத் திரும்பும் வழி திறந்தது.

மூன்று மொழியில் ஒரு மலை

இனி நகருக்குள் செல்வோம். 'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்று பொருள். விருந்தினர்க்கு வெற்றிலை பாக்கு வழங்குவது இரு இனத்தார்க்கும் பொதுவான முறை. மலாயில் பெண் கேட்பதற்கு 'மெமினாங்' என்பர். அச்சொல் பினாங்கிலிருந்தே பிறந்தது. தமிழில் திருமணம் உறுதி செய்வதை 'வெற்றிலை பாக்கு மாற்றுதல்' என்கிறோம். வரவேற்பும் உறவும் பாக்கில் தொடங்கும் இரு பண்பாடுகள் சந்தித்த தீவுக்கு இதனினும் ஏற்ற பெயர் வேறில்லை.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டு, நகருக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டினார். தொடக்ககாலத் தெருக்களுள் ஒன்று மலபார் தெரு. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே அழைத்தனர். பின்னர் அத்தெரு சூலியா தெரு ஆயிற்று. சூலியா என்பது தமிழக முஸ்லிம் வணிகர்க்கு வழங்கிய பெயர். ஆட்சியாளர் மார்க்கெட் தெரு என்றும் மலாயில் லெபோ பாசார் என்றும் குறித்த தெருவைத் தமிழர் 'கடைத்தெரு' என்றனர். ஒரே தெருவுக்கு ஒவ்வொரு மொழியார்க்கும் ஒவ்வொரு பெயர் இருந்தது. சீனர் வைத்த பெயர்கள் தனி.

மலைகளின் பெயர்களையும் பாருங்கள். கப்பல் வரவைக் கொடியேற்றி அறிவித்த குன்றினை ஆங்கிலேயர் கொடிமரக் குன்று என்றனர். மலாய்க்காரர் 'புக்கிட் பெண்டேரா' என்றனர். தமிழர் 'கொடிமலை' என்றனர். மூன்று மொழியிலும் பொருள் ஒன்றே. 1923 முதல் அதன்மேல் இழுவை இரயில் ஓடுகிறது. அருவி வீழும் மற்றொரு மலை 'தண்ணீர்மலை' ஆயிற்று. அங்கே கோயில் கொண்ட முருகன் தண்ணீர்மலையான். நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் பிள்ளைகளுக்குத் 'தண்ணீர்மலை' என்றே பெயரிட்டு, அப்பெயரைச் செட்டிநாட்டுக்குக் கொண்டு சென்றனர். கடல் கடந்த தீவில் உள்ள மலையின் பெயர் காரைக்குடிப் பக்கத்தில் மனிதப் பெயராக வழங்குகிறது என்றால், இவ்வூர் அம்மக்களின் நெஞ்சில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முன்னாளில் பிட் தெரு எனப்பட்டு, இன்று ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் எனப்படும் தெருவில் நடந்து பாருங்கள். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர் வணங்கும் குவான் யின் கோயில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியன சிறுநடைத் தொலைவில் உள்ளன. அடுத்துள்ள குயின் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். சற்று அப்பால் சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பிய தர்கா. நாகூரைப் பிரிந்து வந்தவர் நாகூரையே இங்கு அமைத்துக்கொண்டனர். சிங்கப்பூரிலும் அவ்வாறே செய்தனர்.

நெய்தலின் உரிப்பொருள்

நகரின் வடமேற்கே உள்ள கடற்கரை பத்து பெரிங்கி. வெயில் நாடி வருவோர் பெரிதும் தங்குவது அங்கேதான். 'பத்து' மலாயில் கல். 'பெரிங்கி' என்பது ஐரோப்பியர், சிறப்பாகப் போர்த்துகீசியர். பாரசீக, அரபு மொழிகள் வழியே வந்த அதே சொல் தமிழில் 'பறங்கி' ஆயிற்று. கடலூருக்குத் தெற்கே உள்ள பறங்கிப்பேட்டையும் பினாங்கின் பத்து பெரிங்கியும் ஒரே சொல்லைத் தாங்கிய இரு கரைகள். சென்னையிலிருந்து இங்கு வரும் குடும்பம் இதனை அறிந்தால், தான் வந்திருப்பது முற்றிலும் அந்நியமான கரைக்கு அன்று என்பதை உணரும்.

கடற்கரை என்றதும் களிப்பு என்பது விளம்பரத்தின் இலக்கணம். தமிழிலக்கணம் நெய்தல் நிலத்துக்கு வகுத்த உரிப்பொருள் இரங்கல். கடலுக்குச் சென்றவர் திரும்புவாரா என்று கரையில் நிற்பவரின் உள்ளத்தை அறிந்து வகுத்த இலக்கணம் அது. 2004 டிசம்பர் 26ஆம் நாள், விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமையில், எழுந்த பேரலை மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டது. அவருள் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டனர். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றுதான் 'சுனாமி' என்னும் சப்பானியச் சொல் தமிழ்ச் சிற்றூர்களின் அன்றாடப் பேச்சிலும் புகுந்தது. 'ஆழிப்பேரலை' என்னும் தமிழ்ச்சொல்லும் பரவியது. மகிழ்ந்து நீராடும் கரையில் மீன்பிடித்து வாழ்வோரும் இருக்கின்றனர் என்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது அவர்தம் மகிழ்ச்சியைக் குறைக்காது.

மலாக்கா தரும் பாடம்

2008 சூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் ஒருசேர உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி 109.38 எக்டேர். இந்நகரங்களைத் தேர்ந்தமைக்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. பல சமய வழிபாட்டிடங்கள், இனவாரிக் குடியிருப்புகள், திருவிழாக்கள், உணவு, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றோடு பல மொழிகள் வழங்குவதும் இந்நகரங்களின் வாழும் மரபாகக் குறிக்கப்பட்டுள்ளது. அஃதாவது, கடைத்தெருவில் ஒலிக்கும் தமிழும் அம்மரபுரிமையின் ஒரு பகுதி. கட்டடம் சரிந்தால் அனைவரும் பார்ப்பர். மொழி நீங்கினால் பார்ப்பதற்கு ஒன்றுமிராது.

இரு நகரங்களும் ஒரே நாளில் ஒரே தகுதியைப் பெற்றன. ஆனால் தமிழைப் பொறுத்தவரை அவற்றின் கதை வேறு. மலாக்காச் செட்டிகள் சுல்தான்கள் காலம் தொட்டு அங்கே வாழும் தமிழ் மரபினர். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் அவர்களுடையது. இந்நாட்டில் இன்றும் வழிபாடு நடைபெறும் மிகப் பழைய இந்துக் கோயில் அதுவே. பொங்கலை ஒட்டி முன்னோர்க்குப் படையலிடும் 'பார்ச்சு' என்னும் சடங்கை இன்றும் செய்கின்றனர். சமயம் காத்தனர், சடங்கு காத்தனர். ஆயினும் வீட்டில் வழங்கும் மொழி மலாய் ஆயிற்று. இதனைக் குறையாக நான் கூறவில்லை. தாயகத் தொடர்பு அறுந்து, மலாய் பேசும் மகளிரை மணந்து, சிறு கூட்டமாக வாழ்ந்த மக்களிடம் மொழி மாறுவது மொழியியல் அறிந்த நிகழ்வே. மொழி தானாக நிலைப்பதில்லை என்பதற்கு அவர்கள் வரலாறு சான்று.

பினாங்கில் தமிழ் நிலைத்ததற்குத் தொடர்ந்து வந்த கப்பல்கள் ஒரு காரணம். பள்ளி மற்றொரு காரணம். 1816இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. அதனையே தொடக்கமாகக் கொண்டு 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டதை ஆசிரியர்கள் நன்கறிவீர்கள். மூன்றாவது காரணத்தை நாம் அதிகம் எண்ணுவதில்லை. அது குறைந்த வாடகை.

1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கு வாடகையை உயர்த்தவொட்டாது தடுத்தது 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். நகரின் நடுவே தட்டாரும் பூக்கட்டுவோரும் மளிகைக் கடைக்காரரும் கைத்தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது அதனால்தான். வீட்டுடைமையாளர்க்கு அதில் நியாயமான குறை இருந்தது. வருவாய் இன்மையால் கட்டடங்கள் பழுதுபட்டதும் உண்மை. 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அச்சட்டம் நீங்கியது. வாடகை உயர்ந்தது, பல குடும்பங்கள் நகரை விட்டகன்றன. அதன்பின் மரபுரிமைத் தகுதி வந்தது, பயணிகள் பெருகினர். காலியான கடைவீடுகள் பல விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. பழங்கட்டடங்கள் அழகுற மீண்டதும் இதனால்தான், பழங்குடியினர் மீளாததும் இதனால்தான்.

இன்று குறும்பயணி ஒருவர் ஆர்மேனியன் தெருவில் 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் தீட்டிய மிதிவண்டிப் பிள்ளைகளின் சுவரோவியத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். இனிய ஓவியம், படம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் அத்தெருக்களில் உண்மையாகவே மிதிவண்டி ஓட்டிய பிள்ளைகள் இப்போது எங்கே வாழ்கின்றனர் என்ற கேள்வியை எவராவது எழுப்ப வேண்டும். அக்கேள்வி மொழி ஆசிரியர்க்கும் உரியது. பேசுவோர் இடம் பெயரும்போது, அவர்களோடு தெருவின் பெயரும் இடம் பெயர்கிறது. பத்துக் கல் தொலைவில் அடுக்குமாடியில் வளரும் பேரப்பிள்ளைக்குக் கடைத்தெரு என்ற பெயர் தேவைப்படுவதில்லை. 'லிட்டில் இந்தியா' என்று பயணிகள் சொல்வதையே அப்பிள்ளையும் சொல்கிறது.

நம் கையில் உள்ள பணி

பயணியை வெறுப்பது நம் மரபன்று. தமிழில் 'விருந்து' என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. விருந்தினர் என்போர் புதிதாய் வந்தவர். வாடகைக் கொள்கையையும் விடுதி எண்ணிக்கையையும் முடிவு செய்வோர் வேறு அவைகளில் இருக்கின்றனர். அவர்களிடம் குடியிருப்போர் சார்பில் பேச வேண்டியது குடிமக்கள் அனைவரின் கடமை. மொழியை அறிந்தவர்க்கு மட்டுமே இயலும் பணி ஒன்றும் உண்டு. அதுவே புதிய ஆற்றுப்படைகளை ஆக்குவது.

ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியிடமும், அத்தெருவில் எஞ்சியுள்ள முதிய கடைக்காரரிடமும் சென்று மூன்றே கேள்விகள் கேட்கட்டும். இத்தெருவைத் தமிழில் என்னவென்று சொன்னீர்கள்? யார் யார் இங்கே வாழ்ந்தனர்? என்ன தொழில் செய்தனர்? சொன்ன பெயரைச் சொன்னபடியே, பேச்சுவழக்கு ஒலியோடு குறித்துக்கொள்ள வேண்டும். திருத்தமாக எழுதுகிறேன் என்று மாற்றிவிடலாகாது. 'இடையாப்பம்' என்று அவர் சொன்னால் அவ்வாறே எழுதி, இடியாப்பம் என்னும் வடிவத்தைப் பக்கத்தில் குறித்தால் போதும். யார் சொன்னார், அவருக்கு வயது என்ன, எந்த ஆண்டு சொன்னார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அது ஆய்வுச் சான்றாகும்.

நகரின் பெயர்ப் பலகைகள் சிலவற்றில் மலாயோடு தமிழும் இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. இனி வைக்கும் பலகைகளில் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்ப்பதா, தமிழர் வழங்கிய பெயரை எழுதுவதா என்ற வினா எழும். மக்கள் வழங்கிய பெயர் கிடைக்கும் இடத்தில் அதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து. அக்கருத்தை நாம் முன்வைக்க வேண்டுமாயின், பெயர்களின் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். பட்டியலைத் தரக்கூடியவர்கள் எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். இப்பணிக்கு அவசரம் உண்டு என்று நான் கூறுவதன் காரணம் அதுவே.

விடுமுறைக்கு வெளியூர் செல்லும் மாணவர்களுக்கும் இதே வேண்டுகோள். மலாக்காவுக்குச் சென்றால் காஜா பெராங் பகுதியில் உள்ள செட்டிகளின் குடியிருப்பைப் பாருங்கள். அவர்கள் மலாயில் எந்தெந்தத் தமிழ்ச் சொற்களைக் காத்து வைத்துள்ளனர் என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக்குச் சென்றால், புதுச்சேரியோடு நின்றுவிடாமல், டேனியர் 1620இல் வந்த தரங்கம்பாடி, நாகப்பட்டினம், நாகூர் என்று கரையோரமாகவே இறங்குங்கள். பினாங்கிலுள்ள தர்காவின் மூலத்தை நாகூரில் காண்பீர்கள். இரண்டு நாள்தான் உண்டெனில் பத்து இடங்களை ஓடிப் பார்ப்பதினும் ஒரே தெருவில் இருமுறை நடப்பது மேல். காலையில் பால்காரரும் பூக்காரரும் நடமாடும் வேளையில் ஒருமுறை. விளக்கேற்றும் வேளையில் ஒருமுறை. அத்தெருவில் ஒருவரிடமேனும் பெயர் கேட்டுப் பேசிவிட்டு வாருங்கள். வகுப்பறைக்குத் திரும்பியதும் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஆசிரியரிடம் தாருங்கள். அடுத்து அவ்வூருக்குச் செல்லவிருக்கும் மாணவருக்கு அப்பக்கமே வழித்துணையாகும்.